குவைத்திலிருந்து விழுந்த அட்சதை

கடலூரில் நானும் என் மனைவி கவிதாவும் கல்யாண வீடியோ எடுக்கிறோம். அன்று சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் தாய்மாமன் குவைத்தில் இருந்தார், லீவு கிடைக்கவில்லை. அவரை மண்டபத்துப் பெரிய திரையில் காட்டுவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

முகூர்த்தம் நெருங்கும்போது பார்த்து, வீடியோ கால் சாஃப்ட்வேர் அப்டேட் கேட்டது. போட்டால் பாதியில் நின்றது. மறுபடியும் நின்றது. லேப்டாப்பின் பின்னணியில் என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தேன். இரண்டு ஆன்டிவைரஸ்! ஒன்றையொன்று சந்தேகப்பட்டு, அப்டேட்டையும் சேர்த்து மறித்துக்கொண்டிருந்தன.

"ஒண்ணு நான் போட்டது. இன்னொண்ணு யாரு போட்டது?"

"நான்தாங்க. நீங்க கண்ட பென்டிரைவையும் சொருவுறீங்களே!"

"நீ கண்ட லிங்க்கையும் அமுக்குறியேன்னுதான் நானும் போட்டேன்."

அந்த அவசரத்திலும் இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. என்னுடையதை நீக்கினேன். அப்டேட் மளமளவென்று முடிந்தது.

தாலி ஏறியபோது, திரையில் பட்டு வேட்டியோடு எழுந்து நின்ற மாமா, தன் கைபேசி மேலேயே அட்சதையை வீசினார். மண்டபமே கைதட்டியது.

இப்போதெல்லாம் எதை இன்ஸ்டால் செய்தாலும் ஒருவருக்கொருவர் சொல்லிவிடுகிறோம். அக்கறையைக்கூடச் சொல்லாமல் வைத்திருந்தால், அது உள்ளுக்குள் சண்டை போடுகிறது.