வள்ளத்தின் வலப்பக்கம்

சுறா எண்ணெய் மணம் கையில் ஏறினால் லேசில் போகாது. சண்டைக்காலத் தடையால் சவர்க்காரம் கிடைக்காத அந்த வருசங்களில் சாம்பலும் தேசிக்காய்த் தோலும் போட்டுத் தேய்ப்போம். அப்படியும் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது சோற்றுக்கு முன்னால் அந்த மணம் வந்து நிற்கும். எனக்கு அதில் வெட்கம் இருந்ததில்லை. முல்லைத்தீவுக் கரையில், நான் எண்ணெய் பூசின வள்ளம் தண்ணீரில் இறங்கினால் வழுக்கிக்கொண்டு போகும் என்று மற்ற வீட்டு ஆம்பிளைகளே சொல்லுவார்கள். இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். பள்ளிக்கூடத்தில் கிடைக்காத பேர் எனக்கு அந்த எண்ணெய்ச் சட்டியில் கிடைத்தது.

வள்ளத்துக்கு எண்ணெய் பூசுவது தனி ஆள் செய்கிற வேலை இல்லை. கரைக்கு இழுத்துக் கவிழ்த்து, அடியில் பிடித்திருக்கும் பாசியையும் சின்னச் சிப்பிகளையும் சுரண்டி, நல்ல வெயிலில் காயவிட வேண்டும். சுறா ஈரலை உருக்கி எடுத்த எண்ணெயில் குங்கிலியத்தைப் பொடித்துப் போட்டு, அடிப்பிடிக்காமல் துழாவிக் காய்ச்ச வேண்டும். சூடு ஆறுவதற்குள் தேங்காய்த் தும்பில் தோய்த்து அழுத்தித் தேய்த்தால் மரம் குடிக்கும். குடித்து முடிந்தபின் மேலே தோல் மாதிரி ஒன்று படியும். அதில் பாசி நிற்காது, மரம் துளைக்கிற புழுவும் வாய் வைக்காது. பெயின்ற் ஒன்றும் வன்னிக்குள் வராத காலம் அது. மண்ணெண்ணெயும் இல்லாததால் வள்ளத்து இயந்திரங்கள் வீட்டுப் பின்கோடிக்குள் கிடந்தன. துடுப்புத் தண்டு வலித்துத்தான் கடலுக்குப் போனார்கள். வலிக்கிறவனின் தோள் படுகிற பாடு, அடியில் பூசின எண்ணெயைப் பொறுத்தது.

வீட்டுக்காரர் காய்ச்சலில் போனபின் நானும் என் ஒரே மகனும்தான் பூசுவோம். இடப்பக்கம் எனக்கு, வலப்பக்கம் அவனுக்கு. வள்ளத்தைக் கவிழ்த்தால் அதன் முதுகெலும்பு மாதிரியான ஏராக்கட்டை மேலே நிற்கும். இரண்டு பேரும் கீழ் விளிம்பிலிருந்து தேய்த்துக்கொண்டே மேலே போவோம். ஏராவில் இரண்டு பேர் கையும் முட்டும். முட்டினால் அந்த இடம் முடிந்தது, அடுத்த முழத்துக்கு நகரலாம். முட்டுகிற நேரமெல்லாம் அவன் தும்பால் என் விரலில் ஒரு அடி வைப்பான்.

“அம்மா, உங்கட பக்கம் கிழவி முகம் மாதிரிக் கிடக்கு. என்ர பக்கத்தில வந்து பாருங்கோ, கண்ணாடி பாத்துத் தலை இழுக்கலாம்.”

“உன்ர மூஞ்சைக்கு அந்தக் கண்ணாடி காணும். வேலையைப் பார்.”

உண்மையில் அவன் பக்கம்தான் மினுங்கும். அதை நான் அவனுக்குச் சொன்னதில்லை.

வாடைக்காற்று தொடங்குகிற நாட்களில் ஒரு காலமை அவன் தனியே கடலுக்குப் போனான். வழக்கமாக மருமகனும் கூடப் போவார். மருமகன் மாங்குளத்துப் பக்கம் வயல் செய்த குடும்பம். இடம்பெயர்ந்து எங்கள் கரைக்கு வந்து, என் மகளைக் கட்டி, தண்டு பிடிக்கப் பழகினவர். அன்று அவருக்கு மலேரியா நடுக்கம். சாக்கைப் போர்த்துக்கொண்டு பல்லுக் கிட்டிப்போய்க் கிடந்தார். “அத்தான் படுக்கட்டும், நான் ஓடிப்போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டுத்தான் மகன் போனான்.

மத்தியானத்துக்குப் பிறகு வள்ளம் மட்டும் தெற்கே அளம்பில் பக்கம் ஒதுங்கியது. வலை பாதி இழுத்தபடி உள்ளே கிடந்தது. காற்றுத்தான் என்றார்கள். நேவி என்று கதைத்தவர்களும் இருந்தார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவன் ஆத்துமாவுக்கு முப்பத்தோராம் நாள் பூசை வைப்போம் என்று மாதா கோயில் சுவாமி வீட்டுக்கு வந்து சொன்னார்.

“உடம்பு வரேல்லைச் சுவாமி. உடம்பு வராமல் நான் எப்பிடிப் பூசை கேக்கிறது?” என்றேன்.

அவர் என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு எழும்பிப் போனார்.

வீட்டில் உலை வைக்க வேண்டுமே, வள்ளம் கடலுக்குப் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. மருமகன் அயலில் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். எண்ணெய் பூசுகிற முறை வந்தபோது அவரும் ஆட்களும் வள்ளத்தை இழுத்துக் கவிழ்த்துத் தந்தார்கள். நான் சட்டியோடு போய் என் பக்கத்தில் குந்தினேன். அவர் ஒரு தும்பை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் போனார்.

“தம்பி, அந்தப் பக்கத்தை விடுங்கோ.”

“ஏன் மாமி?”

“அது அவன் பூசினது. கிடக்கட்டும்.”

அவர் தும்பைத் திரும்பச் சட்டிக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் என் பக்கத்தைத் தேய்த்தேன். ஏரா வரைக்கும் கை போகும், அங்கே முட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அடுத்த முறையும், அதற்கு அடுத்த முறையும் அப்படியே செய்தேன்.

ஒவ்வொரு நாளும் கரைக்கு இழுக்க ஆள் பற்றாததால் வள்ளத்தைக் களப்பு கடலில் சேருகிற இடத்தில் தண்ணீரிலேயே கட்டி விடுவோம். வலப்பக்கத்தில் தாடி மாதிரிப் பாசி இறங்கியது. மீன் வாங்க வருகிற பெண்பிள்ளை ஒருநாள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“என்னக்கா, உங்கட வள்ளம் பாதிச் சவரத்தில எழும்பி வந்த மாப்பிள்ளை மாதிரி நிக்குது?”

“மற்றப் பாதிக்கு ஆள் வரவேணும்” என்றேன்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்று விலை பேசாமல் மீனை வாங்கிக்கொண்டு போனாள்.

ஒரு பக்கம் வழுக்கி மற்றப் பக்கம் இழுத்தால் வள்ளம் நேரே ஓடாது. இழுக்கிற பக்கத்துக்கே திரும்பும். எங்கள் ஆட்கள் வலை போடுகிற இடம் வடக்கே. போகும்போது வலக்கைப் பக்கம் முழுக்கக் கடல். மருமகன் முதலில் அதைப் பகிடியாகத்தான் சொன்னார்.

“போகேக்க கடலுக்கு இழுக்குது, வரேக்க கரைக்கு இழுக்குது. உங்கட வள்ளத்துக்கு என்னைத் துலைக்கவும் விருப்பம், வீட்டை கொண்டுவந்து விடவும் விருப்பம் மாமி.”

மகன் போனபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். ஆனால் அவருடைய உள்ளங்கையைப் பார்த்தேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை, தண்டில் வேறு இடத்தில் உரிந்திருந்தது. கூடப்போன அயலானும் சாட்டுச் சொல்லி நின்றுவிட்டான். அதற்குப் பிறகு மருமகன் தனியே போனார்.

கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற ஒருநாள் அவர் மத்தியானமாகியும் வரவில்லை. மகள் அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. வெறுங்காலோடு சுடுமணலில் நின்றாள். நான் கூப்பிட்டும் நிழலுக்கு வரவில்லை. வெளிக்கடலில் நேவிப் படகுகள் நிற்கிற இடம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கிட்டப் போன ஆட்களின் கதையும் தெரியும்.

வெயில் சாய்கிற நேரத்தில் வந்து சேர்ந்தார். தண்ணீர்ச் செம்பைப் பிடிக்கக் கை மடங்கவில்லை, மகள்தான் பருக்கினாள். திருப்பத் திருப்ப வள்ளம் கடலுக்கே போனது என்று மட்டும் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர் படுத்தபின் மகள் குசினி வாசலில் வந்து நின்றாள்.

“அம்மா, அண்ணா வருவான் எண்டு ஒரு பக்கத்தை வச்சிருக்கிறியள். நான் ஒண்டும் கதைக்கேல்லை. அந்தப் பக்கம் இப்ப இவரையும் இழுக்குது.”

நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

“உங்களுக்குப் பூசை வைக்க உடம்பு வேணும். எனக்கு இவற்ற உடம்பு உயிரோட வேணும்.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நெத்தலியை எடுத்துத் துப்பரவாக்கத் தொடங்கினாள். என் மகள் என்னிடம் அப்படிக் கதைத்தது அந்த ஒரு தரம்தான்.

விடிந்ததும் அயலாட்களைக் கூப்பிட்டு வள்ளத்தை இழுத்துக் கவிழ்க்கச் சொன்னேன். கத்தியை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் போய்க் குந்தினேன். பாசியை மட்டும் எடுப்போம், அவன் பூசினது கீழே இருக்கும், அதற்கு மேலே புதிது பூசலாம் என்று எண்ணியிருந்தேன். கத்தி வைத்த இடத்தில் சிப்பி கழன்றது. அதன் அடியில் ஒட்டிக்கொண்டு அவன் பூச்சும் கழன்றது, வெங்காயச் சருகு மாதிரி, மண்ணிறமாய். எவ்வளவு மெதுவாகச் சுரண்டினாலும் வந்தது. சில இடத்தில் வருவதற்குப் பூச்சே இல்லை. வெறும் மரத்தில் ஊசி குத்தினமாதிரிப் புழுத்துளைகள். நான் அவனுடையது என்று யாரையும் தொட விடாமல் வைத்திருந்ததைக் கடல் எப்போதோ தின்று முடித்திருந்தது. சுருண்ட சருகுகள் மணலில் விழுந்தன. கொஞ்சத்தைச் சீலைத் தலைப்பில் பொறுக்கி வைத்தேன். பிறகு காற்று வந்து மிச்சத்தைக் கொண்டுபோனது.

மரம் காய்ந்தபின் எண்ணெய் காய்ச்சினேன். வலப்பக்கத்தில் நான் இருந்தேன்.

“தம்பி, நீங்கள் என்ர பக்கத்தைப் பூசுங்கோ.”

மருமகன் கையில் சீலைக்கட்டோடு வந்து இடப்பக்கம் குந்தினார். இரண்டு பேரும் கீழிருந்து தேய்த்துக்கொண்டு போனோம். ஏராவுக்கு நாலு விரற்கடை கீழே அவருடைய தும்பு நின்றுவிடும். மாமியின் கையில் கை பட்டுவிடக்கூடாது என்ற மரியாதை. நானும் தள்ளியே நின்றேன். அப்படியே முனையிலிருந்து முனைவரை போய் முடித்தபோது, நடுவில் ஏரா நெடுகலும் ஒரு கோடு எண்ணெய் படாமல் வெளுத்துக் கிடந்தது. அவர் எழும்பிப் போனபின் அதை நான் தனியே பூசினேன். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. சட்டியில் எண்ணெய் ஆறி இறுகும்வரை அழுதேன்.

அடுத்த நாள் கோயிலுக்குப் போனேன். எண்ணெய் மணக்கிற கையோடுதான் சுவாமிக்கு முன்னால் நின்றேன். “பூசையை வையுங்கோ சுவாமி” என்றேன். எந்த நாள் என்று அவர் கேட்டார். எந்த நாளென்றாலும் சரி என்றேன்.

வள்ளம் இறங்கின காலமை நான் கரையில் நின்றேன். மருமகன் வலித்துக்கொண்டு போனார். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி, “மாமி, இப்ப நேரா ஓடுது” என்று கத்திச் சொன்னார். நான் கையை ஆட்டினேன். வள்ளம் கரையோடு கரையாக வடக்கே போனது, கோடு கிழித்தமாதிரி. என் மகளுக்குப் புருசன் மிஞ்சினான். அது எனக்குப் போதும் என்று நினைத்துக்கொண்டுதான் நின்றேன். ஆனாலும் அது பார்வைக்கு மறையும்வரை, ஒருதரம், ஒரேயொருதரம் வலப்பக்கம் திரும்புமா என்றுதான் என் கண் பார்த்துக்கொண்டிருந்தது. அது திரும்பவில்லை.