ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்த சைக்கிள்

கரி எரித்து ஓடும் பஸ்ஸின் கூரையிலிருந்து அந்தச் சைக்கிளை இறக்கியபோது ஆவுடையார்கோவில் கடைத்தெருவே கூடிவிட்டது. நடுவில் குறுக்குக் கம்பி இல்லாத, பெண்கள் ஓட்டும் சைக்கிள். யுத்த காலத்தில் அப்படி ஒன்று கிடைப்பதே அபூர்வம். யாரோ வெள்ளைக்காரத் துரைசானி விட்டுப்போனதைப் புதுக்கோட்டைக் கடைக்காரர் வாங்கி வைத்திருந்தார். "ஓட்டிப் பாருங்க. ஒத்துவந்தா எடுத்துக்கங்க" என்று சொல்லி எங்கள் நர்ஸம்மாவுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்.

நான் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். நர்ஸம்மா ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர். இளமையிலேயே கணவரை இழந்தவர். சுற்றுவட்டாரத்துப் பிரசவமெல்லாம் அவர் கையில்தான். ஒரு ஊரிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே அடுத்த ஊர்க்காரன் வாசலில் நிற்பான். வெந்நீரில் காலை வைத்தபடி உட்கார்ந்தே தூங்கிவிடுவார். அந்தக் கால்களுக்காகத்தான் சைக்கிள்.

வறண்ட கண்மாய்க்குள் பழகினார். புடவை சங்கிலியில் மாட்டி விழுந்தார், முழங்கை சிராய்த்தது, கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பிடிபட்ட பிறகு ஒருநாள் காலை கோயில் வீதியில் மணியடித்துக்கொண்டு என்னைக் கடந்து போனார். அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

அந்த வாரமே ஜெகதாப்பட்டினம் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து ஆள் வந்தான். அவன் மனைவிக்கு முதல் நாளிலிருந்தே வலி. நர்ஸம்மா சைக்கிளில் முன்னால் போக, நானும் அவனும் மருந்துப் பெட்டியோடு பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனோம். கப்பிக்கல் போட்ட சாலை முடிந்த இடத்திலேயே அவரைப் பிடித்துவிட்டோம். சக்கரம் மணலில் புதைந்து கிடந்தது. மணலுக்குள் கொஞ்ச தூரம் தள்ளினார், இழுத்தார். கடைசியில் அதை ஒரு பனைமரத்தில் சாய்த்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்.

குழந்தை நீலம் பாரித்துப் பிறந்தது. வாயோடு வாய் வைத்து ஊதினார், தட்டினார், மறுபடி ஊதினார். அழுகுரல் கேட்டதும் வெளியே வந்து, குடிசைச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பும்போது அந்தத் தகப்பன், நாங்கள் தடுத்தும் கேளாமல், பனைமரத்தடியிலிருந்த சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டு சாலை வரை மணலில் நடந்தான். பின்னால் வந்த நர்ஸம்மா அதையே பார்த்துக்கொண்டு வந்தார். "நம்மளச் சொமக்கும்னு நெனச்சேன் கம்பவுண்டரு. இதச் சொமக்க இன்னொரு ஆளு வேண்டியிருக்கே" என்றவர் சிரிக்க ஆரம்பித்தார். அது எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே புதுக்கோட்டை போய்ச் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தோம். "வண்டியில ஏதும் கொறைங்களாம்மா?" என்று கடைக்காரர் பதறினார்.

"வண்டி நல்ல வண்டிங்க. நான் போற ஊருக்கெல்லாம் ரோடுதான் இல்ல."

இன்று அந்தக் குப்பத்துக்குத் தார்ச்சாலை இருக்கிறது; பஸ்ஸும் போகிறது. சைக்கிளைக் கொடுத்துவிட்டு அன்று மாலை நாங்கள் ஊர் வந்து இறங்கியபோது ஆஸ்பத்திரி வாசலில் ஒருவன் கைகட்டி நின்றிருந்தான். நர்ஸம்மா ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தார்.

"எந்த ஊருப்பா?"

சொன்னான். "வண்டி வராதும்மா. வரப்பு மேலதான் போகணும்" என்றான், தயங்கியபடி.

"தெரியும், முன்னால போ" என்று சொல்லிவிட்டு அவர் பெட்டியை எடுத்துக்கொண்டார்.