மூன்றாவது இறுதி ஆட்டம்

புரைமி என்ற ஓமான் ஊரிலிருந்து டாக்சியில் எமிரேட்ஸின் அல் ஐனுக்குத் திரும்புகிறேன். எமிரேட்ஸ் எல்லைச் சாவடியில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் கூட்டமே இல்லை. ஓமான்காரரான ஓட்டுநர் சாலிம் நீண்ட வரிசையில் போய் நிற்கிறார். பாஸ்போர்ட் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வரிசைகளை ஒழுங்குபடுத்தியவனுக்கு இது பொறுக்குமா? அந்தப் பக்கம் காலியாக இருக்கிறதே என்கிறேன்.

"மாலூம், சாப், தெரியும். அங்க என் அத்தை மகன் இல்லையே" என்கிறார் இந்தியில்.

விஷயம் இதுதான். வளைகுடாக் கோப்பைக் கால்பந்தில் ஓமான் தொடர்ந்து இரண்டு இறுதி ஆட்டங்களில் தோற்றது. இரண்டாவது தோல்வி எமிரேட்ஸிடம். மறுநாள் இந்த ஜன்னல் அதிகாரி, அதாவது எமிரேட்ஸ்காரரான அந்த அத்தை மகன், சாலிமின் அடையாள அட்டையைத் திருப்பித் தராமல் கால் மணி நேரம் சிரித்தாராம். நேற்று மஸ்கட்டில் மூன்றாவது இறுதி ஆட்டம். ஓமான் வென்றுவிட்டது.

எங்கள் முறை வருகிறது. எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, அதிகாரியும் இந்தியிலேயே ஆரம்பிக்கிறார்.

"பெனால்டியில ஜெயிச்சதெல்லாம் ஒரு ஜெயமா, சாலிம்?"

"இந்தத் தடவை முதல் ஆட்டத்திலேர்ந்து எங்க வலைக்குள்ள எத்தனை கோல் விழுந்துச்சு? நீயே சொல்லு, பாய்."

அதிகாரி என் பாஸ்போர்ட்டைத் தேவைக்கு மேல் புரட்டுகிறார். முத்திரை குத்துகிறார்.

"மாஃபி" என்கிறார் கடைசியில். ஒன்றுகூட இல்லை.

பிறகு கண்ணாடிக்கு அடியிலுள்ள இடைவெளி வழியாகக் கையை நீட்டுகிறார். ஆவணங்களைத் தவிர வேறெதையும் அதில் நீட்டக் கூடாது; எந்த நாட்டிலும் அதுதான் விதி. சாலிம் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். பின்னாலிருந்து யாரோ "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்துகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள் என்று திரும்பிச் சொல்வது நான்தான்.