அத்தைக்கு வந்த போன்கள்

எங்கள் தெருவில் முதலில் போன் வந்தது எங்கள் வீட்டுக்குத்தான். மைசூரில் ஹெப்பாள் பக்கம், பாதி வீடுகள் கட்டி முடிந்தும் மீதி செங்கல்லாகவும் நின்ற தெரு அது. போன் வந்த மாதமே தெருவில் பாதிப் பேர் தங்கள் சொந்தக்காரர்களுக்கு எங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். கூப்பிடுகிறவர் ஆளின் பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். நான் ஓடிப்போய் ஆளை அழைத்துவர வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி மணி அடிக்கும். வந்தவர் பேசும்போது வீட்டுக்காரர்கள் சமையலறைக்குள் போய்விட வேண்டும். இது அம்மா போட்ட சட்டம். நான் மட்டும் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்பேன்.

எதிரே கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குக் காவலாக, தகரக் கொட்டகையில் ஒரு குடும்பம் இருந்தது. கொள்ளேகாலுக்கு அப்பால் காட்டோரத்து ஊர். கணவர் காவல்காரர், மனைவி அதே கட்டடத்தில் சித்தாள். அந்த அம்மாளை நான் அத்தை என்பேன். சொந்தம் எதுவும் கிடையாது. மைசூரில் தமிழ் பேசினாலே எங்கள் வீட்டில் உறவு முறை வைத்துவிடுவார்கள். அத்தையின் ஒரே மகன் ராணுவத்தில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனிடமிருந்து போன் வரும். அத்தை கையைக் கழுவி, தலையைக் கோதிக்கொண்டு வந்து, போனுக்கு எதிரே தரையில் உட்காருவாள்.

ஒருமுறை பஸ் நிறுத்தத்தில் அத்தைக்கு நான் கன்னடப் பலகையைப் படித்துச் சொல்லியிருந்தேன். அதிலிருந்து அவளுக்குக் கன்னடமே தெரியாது என்று முடிவு கட்டிவிட்டேன். படிக்கத் தெரியாததையும் பேசத் தெரியாததையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடும் வயது. ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன், கன்னடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண், தலைக்கனத்துக்குக் கேட்க வேண்டுமா?

கார்கில் சண்டை நடந்த அந்த மழைக்காலத்தில் ஒரு நாள், எதிர்க் கொட்டகை வாசலில் ராணுவ ஜீப் வந்து நின்றது. அத்தையின் மகன் இறந்துபோயிருந்தான்.

உடலை ஊருக்குக் கொண்டுபோகும் வழியில் எங்கள் தெருவில் அரை மணி நேரம் வைத்திருந்தார்கள். அவ்வளவு கூட்டத்தை அந்தத் தெரு அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஷிப்ட் முடிந்து திரும்பிய கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் இறங்கி, தூறலில் சட்டை நனைய நின்றார்கள். யாருக்கும் அவனை முன்பின் தெரியாது. எனக்கு அழுகையும் வந்தது, நெஞ்சும் நிமிர்ந்தது. அவன் குரலை ஞாயிறுதோறும் முதலில் கேட்டவள் நான் என்று ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. மறுநாள் பள்ளியில் சொல்லவும் செய்தேன்.

செய்தி எழுத வந்த நிருபர் ஒருவர் குடும்பத்தாரைத் தொடர்புகொள்ள எண் கேட்டபோது, அப்பா பெருமை தாங்காமல் எங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டார். அது கன்னடப் பத்திரிகையில் அவன் படத்துக்குக் கீழே வந்துவிட்டது. காரியங்கள் முடிந்து அத்தை ஊரிலிருந்து திரும்பிய பிறகும் மணி ஓயவில்லை. சிவமொக்காவிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார், ஹாசனிலிருந்து ஒரே பூத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கல்லூரிப் பையன்கள், எந்த ஊர் என்று சொல்லாத ஒரு லாரி டிரைவர். எல்லோருக்கும் அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். நானும் வழக்கப்படி ஐந்து நிமிடம் கழித்துக் கூப்பிடச் சொல்லிவிட்டு ஓடினேன்.

முதல் போனுக்கே அத்தை என் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். அம்மாவின் சட்டம் எனக்கு மட்டும் தளர்ந்தது. ரிசீவரை இருவர் காதுக்கும் நடுவில் வைத்துக்கொள்வோம். வாத்தியார் கன்னடத்தில் இரண்டு வாக்கியம் சொன்னார். அத்தை என்னைப் பார்த்து, "என்ன சொல்றாங்க அம்மிணி?" என்றாள். அவள் ஊர்ப் பக்கத்தில் பெண் பிள்ளைகளை அப்படித்தான் அழைப்பார்கள்.

அன்றிலிருந்து நான்தான் மொழிபெயர்ப்பாளர். முதல் இரண்டு நாள் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஆனால் எல்லோரும் கிட்டத்தட்ட ஒன்றையே சொன்னார்கள்: உங்கள் மகன் எங்களுக்கும் மகன், தைரியமாக இருங்கள். அவன் செய்ததற்கு இது எனக்குப் போதவில்லை. அதனால் கைச்சரக்கைச் சேர்க்க ஆரம்பித்தேன். வாத்தியார் மறுபடி கூப்பிட்டபோது, அவர் பள்ளிக்கூடத்தில் உங்கள் மகன் படத்தை மாட்டியிருக்கிறார்களாம் என்றேன். கல்லூரிப் பையன்கள் அவன் பெயரில் கோப்பை வைத்து கபடிப் போட்டி நடத்தப்போகிறார்கள் என்றேன். லாரி டிரைவர் பாவம், ஒன்றுமே சொல்லாமல் விசும்பினார். அவர் வண்டியின் நெற்றியில் அவன் பெயரைப் பெயிண்டால் எழுதிவிட்டார் என்று நானே எழுதிவிட்டேன். அத்தை ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டுவாள். முகம் கொஞ்சம் தெளியும். நான் செய்வது பெரிய தேச சேவை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு மாலை சித்ரதுர்கா பக்கத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். அவள் மகன் ராணுவத்துக்குத் தேர்வாகி உத்தரவுக் கடிதம் வந்திருக்கிறது. பேப்பரில் படத்தைப் பார்த்த அன்று அந்தக் கடிதத்தை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள். பையன் தினமும் தபால்காரரை வழிமறித்துக் கேட்கிறான். சேர வேண்டிய நாளுக்கு இன்னும் மூன்றே நாள். நீங்களும் பெற்றவள், நான் கொடுக்கட்டுமா வேண்டாமா, நீங்கள் சொல்வதைச் செய்கிறேன் என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. நம் அண்ணன் உயிரைக் கொடுத்திருக்கிறான், இவள் கடிதத்தை ஒளிக்கிறாளே என்று. இதை அத்தையிடம் சொன்னால் அவள் மனம் என்ன பாடுபடும்? நொடியில் முடிவெடுத்தேன்.

"அவங்க பையனையும் மிலிட்டரிக்கு அனுப்பறாங்களாம் அத்தை. அண்ணனைப் பார்த்துத்தானாம். பெருமையா இருக்குதாம்."

அத்தை என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து ரிசீவரை மெதுவாக வாங்கித் தன் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு பேசினாள். கன்னடத்தில் பேசினாள். என் பாடப்புத்தகக் கன்னடம் இல்லை; சாரத்தின்மேல் நின்று கீழே இருக்கிறவர்களோடு பேசுகிற, தடையே இல்லாத கன்னடம். அவள் சொன்னது இன்றைக்கும் எனக்கு வரிவரியாக நினைவிருக்கிறது.

"கொடுத்துரும்மா. நானும் ஒளிச்சு வச்சேன், அரிசிப் பானைக்குள்ள, நாலு நாளு. அந்த நாலு நாளும் என் மகன் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தான். அப்புறம் எடுத்துக் கொடுத்தேன். எப்படிச் சிரிச்சான் தெரியுமா? பெத்தப்பகூட நான் அப்படிச் சிரிச்சதில்லை. கொடுத்ததுக்காக ஒரு நாளும் என்னை நான் திட்டிக்கலை. ஒளிச்சு வச்ச அந்த நாலு நாளை நெனச்சாத்தான் எனக்கு ஆறமாட்டேங்குது. உன் மகன் போறதும் வர்றதும் நம்ம கையில இல்லை. கடுதாசி மட்டும்தான் உன் கையில இருக்குது. கொடு."

அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டே சரி என்றது கேட்டது. அத்தை போனை வைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சவப்பெட்டி வந்த அன்றுகூட அவளை அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

என் காது சுட்டது. இத்தனை நாள் அடித்துவிட்டதெல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தது, கபடிக் கோப்பை, லாரி, எல்லாம். அழுகையை அடக்கிக்கொண்டு, "உங்களுக்குக் கன்னடம் தெரியுமா அத்தை?" என்றேன்.

"பதினெட்டு வருசமா இந்த ஊர்ல கல்லும் மண்ணும் சுமக்கறேன். மேஸ்திரி என்ன தமிழ்லயா திட்டுவான்?" என்றாள். கோபமில்லை. என் தலையைத் தடவிவிட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

அப்பாவிடம் சொல்லிவிடுவாள் என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் தார்வாடிலிருந்து ஒரு தபால் ஊழியர் கூப்பிட்டார். நான் தலையைக் குனிந்தபடியே போய்ச் சொன்னேன். அத்தை கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் சமையலறைப் பக்கம் நகர்ந்தபோது பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, ரிசீவரை இருவர் காதுக்கும் நடுவில் வைத்தாள்.

அந்த மனிதர் நான்கே வார்த்தை பேசினார். அத்தை என் பக்கம் திரும்பி, முன்பு கேட்ட அதே குரலில், "என்ன சொல்றாங்க அம்மிணி?" என்றாள்.

இனி பொய்யே சொல்வதில்லை என்று சாமிமேல் சத்தியம் செய்திருந்தேன். "உங்க மகன் நல்லவன்னு சொல்றார்" என்று உள்ளதை மட்டும் சொன்னேன்.

அத்தை இன்னும் வருமென்று காத்திருந்தாள். அவள் முகம் லேசாக வாடியது.

"அவ்வளவுதானா?" என்றாள்.

எல்லாம் தெரிந்தவள் எதற்கு இப்படிக் கேட்கிறாள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்த நான், "அவ்வளவுதான் அத்தை" என்று சொல்லிவிட்டேன்.