புரையேறினால் ஒரு பெயர்

தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்த செந்தூர்பாண்டிக்கு வாதம் வந்து கை கால் இழுத்துக்கொண்டதை ஊரே பார்த்தது. தொண்டையும் சேர்ந்து இழுத்துக்கொண்டதை அவர் மனைவி முருகேஸ்வரி மட்டும்தான் பார்த்தாள். பார்த்தாளே தவிர, புரிந்துகொண்டாளா? அதுதான் இல்லை.

ஒரு வாய் காப்பி உள்ளே போனால் போதும், புரையேறும். உடனே அவர் உச்சந்தலையில் தட்டி, "உங்க மவன் நெனைக்கான்" என்பாள். அவரும் கோணிய வாயோடு சிரிப்பார். மகன் முத்துச்செல்வம் சென்னையில் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்தவன். "இனி இந்த வாசல மிதிக்காதல" என்று இவர் சொன்னார். அந்த மகராசன் அப்பன் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்; நாலு வருஷமாக மிதிக்கவில்லை. வாதம் என்று இவள் போன் செய்தபோது, "சரி, பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டான். அதை அவள் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அரிசி களைந்தாள், அவருக்கு வேட்டி மாற்றினாள்.

இப்படித் தட்டித் தட்டியே மூன்று மாதம் போனது. கடைசியில் காய்ச்சல் கண்டு, நிமோனியா என்று பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். விழுங்கப் பயிற்சி கொடுக்கும் ஜெப்ஸி என்ற பெண்தான் விஷயத்தை உடைத்தாள்.

"அம்மா, யாரும் நெனைக்கல. தண்ணி வயித்துக்குப் போகாம நுரையீரலுக்குப் போகுது. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா அப்பா தாங்க மாட்டாங்க."

தண்ணீரோ காப்பியோ, ஆஸ்பத்திரியில் கொடுத்த கெட்டியாக்கும் பவுடரைக் கலந்து கூழாக்கித்தான் தர வேண்டும். நிமிர்ந்து உட்கார வைத்து, தாடை நெஞ்சைத் தொடக் குனிய வைத்து, சின்னக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக. விழுங்கியதும் "ஆ" சொல்லச் சொல்லி, குரல் கரகரக்கிறதா என்று கேட்க வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. முருகேஸ்வரி எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். ஒரு மாதம் புரையே ஏறவில்லை.

அவர் முகம்தான் தொங்கிப்போனது. "ஏளா, இப்பம் ஏறவே மாட்டேங்கு. பய மறந்துட்டான்" என்றார் ஒரு நாள். அவள் கரண்டியைக் கழுவப் போனாள்.

மறுநாள் துணி காயப்போட்டுவிட்டு வந்தால், மனுஷர் நல்ல கையால் செம்பைத் தூக்கி, அந்தக் காலத்துப் பழக்கத்தில் அண்ணாந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்! அவள் ஓடிப் பிடிப்பதற்குள் இருமல் பிய்த்துக்கொண்டது. முன்னால் குனிய வைத்துப் பிடித்தாள். முகம் கறுத்து, கண் பிதுங்கி, மூச்சு திரும்ப நேரமானது. திரும்பியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஏறிட்டு ளா."

"கூறு கெட்ட மனுஷா, சாவணுமா ஒமக்கு?"

அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நல்லவேளை, காய்ச்சல் இல்லை. ஆனால் கெட்டிக் கஞ்சியைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொண்டார். "தண்ணி தா. அவன் நெனைக்கட்டும்" என்று அதே பாட்டு. மூன்றாம் நாள் மத்தியானமும் கரண்டி திரும்பி வந்தது.

முருகேஸ்வரி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். செம்பை எடுத்து அவர் எதிரிலேயே அண்ணாந்து ஒரு மடக்கு குடித்தாள். பிறகு இருமினாள். குனிந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நிற்காமல் இருமினாள். கண்ணில் மட்டும் நீர் வரவில்லை. முந்தானையால் சும்மா துடைத்துக்கொண்டாள்.

உச்சந்தலையில் ஒரு கை விழுந்தது. அவருடைய நல்ல கை. மெதுவாகத் தட்டியது.

"நெனைக்கான் ளா" என்றார்.

"ஆமா. இனிமே எனக்குத்தான் ஏறும். நீங்க வாயத் தொறங்க."

திறந்தார். தாடையைத் தாழ்த்தி விழுங்கினார். "ஆ" என்றார், குரல் தெளிவாக இருந்தது.

அன்றிலிருந்து முருகேஸ்வரிக்கு மூன்று வேளையும் புரையேறியது. மகன் மூன்று வேளையும் நினைத்தான்.