பம்பைக்கு முன்னால் கழற்றிய செருப்பு

என் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. அதில் ஒரு துணிக்கடைப் பை தொங்குகிறது. பைக்குள் நீல வார் வைத்த ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. இடது கால் வார் அறுந்துபோய் ஊக்குப் போட்டு மாட்டியிருக்கும். அடியில் அப்பியிருந்த சேறு காய்ந்து உதிர்ந்து, பையின் மூலையில் மண்ணாகச் சேர்ந்துவிட்டது. வீடு பெருக்கும்போதெல்லாம் அந்தப் பை தோளில் இடிக்கும். எடுத்துக் கழுவி வைக்கலாம் என்று தோன்றும். ஆனால் கழுவிவிட்டால், அன்றைக்கு நடந்ததற்கு என்னிடம் வேறு அடையாளம் எதுவும் இருக்காது. அதனால் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

அந்தச் செருப்புக்குச் சொந்தக்காரரை நாங்கள் எல்லோரும் சூப்பர்வைசர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சேதராப்பட்டில் ஒரு சோப்புக் கம்பெனியில் நான் பாக்கிங்கில் இருந்தேன். அவர் எங்கள் வரிசைக்கு மேலாள். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்ததோடு சரி, எனக்கு வாய் திறக்க வராது. பேசினால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்ற பயத்திலேயே பாதி ஆயுசு போய்விட்டது. அக்கா அப்படியே எதிர். வீராம்பட்டினத்தில் பிறந்து வளர்ந்து, அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டை. "ஏண்டி, சோத்த முழுங்கினியா, நாக்க முழுங்கினியா?" என்று என்னைக் கேட்பார். வரிசை முழுக்கச் சிரிக்கும், நானும் சிரிப்பேன். ஆனால் மேனேஜர் என் மேல் இல்லாத குற்றம் சொன்னால், அக்கா இடுப்பில் கைவைத்து முன்னால் வந்து நிற்பார். "அவ பேச மாட்டா சார். அவளுக்கும் சேத்து நான் பேசறேன்" என்பார். கம்பெனியில் இருந்தவரைக்கும் எனக்கு இருந்த வாய் அவருடைய வாய்தான்.

ஒரு மழைக்காலத்தில் உறை ஒட்டுகிற மெஷினில் கரண்டு கசிந்து, புதிதாய் வந்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டது. அவளால் கத்தக்கூட முடியவில்லை. பல் கிட்டி, கண் செருகி, உடம்பு மட்டும் வெடவெடவென்று ஆடியது. பக்கத்தில் நின்றவள் அவளைப் பிடித்து இழுக்கப் போனாள். "தொடாதடி! தொட்டா நீயும் போயிடுவ!" என்று கத்திக்கொண்டே அக்கா ஓடி வந்தார். காலில் கிடந்த ரப்பர் செருப்பில் ஒன்றைக் கழற்றி, அவள் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி. கை விட்டது. மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா வந்து அக்கா கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனாள். "செருப்பால அடிச்சதுக்குக் கையெடுத்துக் கும்புடறாங்க பாருடி" என்று அக்காவுக்கு அன்றைக்கு முழுக்கச் சிரிப்பு. கரண்டு பிடித்தால் மனிதர் எப்படி ஆடுவார் என்பதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

ஒரு பாட்டுக் குழு எங்களுக்குக் கம்பெனி பஸ்ஸில் அறிமுகமானது. சின்னப் பெண்கள் போனில் போட்டுவிடுவார்கள். கித்தாரும் பெரிய டிரம்சும் இரைகிற இரைச்சலுக்கு நடுவில், அம்மன் கோயிலில் அடிக்கிற பம்பையும் உடுக்கையும் கேட்கும். "நிறுத்துங்கடி, காது அவிஞ்சி போவுது" என்று முதலில் திட்டினவர் அக்காதான். அப்புறம் ஒருநாள் கடலுக்குப் போனவன் கரை திரும்பாத பாட்டு ஒன்று வந்தது. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் வீட்டுக்காரரைக் கடல் கொண்டுபோனது எங்களுக்குத் தெரியும். இறங்கும்போது, "அந்த ஒண்ண மட்டும் என் போன்ல ஏத்திக் குடு" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் அந்தக் குழுவுக்குப் பைத்தியம். அவர் பாடப் பாட எனக்கும் எல்லாப் பாட்டும் மனப்பாடம், உதடு அசையாமல் உள்ளுக்குள்ளே பாடிக்கொள்வேன்.

வேலையை விட்ட பிறகு அக்காவின் மதிப்பு வீட்டில் சுருங்கிப் போயிற்று. மருமகள் ஊற்றுகிற கஞ்சியைக் குடித்துவிட்டு, வலை போட்டு வைக்கிற கொட்டகையில் படுத்துக்கொள்வார். அதைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. போன வருஷம் மழைக்கு முன்னால் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அந்தக் குழு அரியாங்குப்பம் ஆற்றுப் பக்கத்துத் திடலுக்கு வருகிறதாம். "கடலுக்குப் போனவன் பாட்ட ஒரு தரம் நேர்ல கேட்டுட்டா போதும்டி. நீ வரியா, இல்ல அங்கயும் உனக்குச் சேத்து நானே கேக்கணுமா?" என்றார். நான் போனேன்.

அன்றைக்கு மதியமே வானம் ஆற்றின் மேல் கவிழ்ந்துகொண்டிருந்தது. தூறலில் ஆரம்பித்த மழை வலுக்கவும் இல்லை, விடவும் இல்லை. திடல் முழுக்கக் களி. ஒரு காலை எடுத்தால் மறு கால் புதைகிறது. பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம்: பிளாஸ்டிக் தாளைத் தலையில் கட்டிக்கொண்டு, பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, சேற்றில் சறுக்கி விழுந்து எழுந்து ஒருவர் மேல் ஒருவர் பூசிக்கொண்டார்கள். தோள் மேல் ஏறி உட்கார்ந்து பாடின பெண்ணைப் பார்த்து எனக்குப் பயமாகவும் ஆசையாகவும் இருந்தது. வயசான இரண்டு பெண்கள் வருவதைப் பார்த்து, "ஆயா, நீங்களும் ஃபேனா?" என்று ஒருவன் கேட்டான். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே ஃபேனு. வழிய வுடுறா" என்று அக்கா அவனைத் தள்ளிக்கொண்டே முன்னால் போனார். அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். ஆற்றிலிருந்து ஒரு முடை நாற்றம் வந்தபடி இருந்தது. நடக்க நடக்கக் காலடியில் தடித் தடியாக ஏதோ இடறியது. பாம்பென்று பயந்து குனிந்து பார்த்தேன். ஒயர்கள். மேடைக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்த ஜெனரேட்டரிலிருந்து வந்து, சேற்றுக்குள் புகுந்து, எங்கே போகிறதென்றே தெரியாமல் கிடந்தன.

மேடைக்கு முன்னால் கூட்டத்தைத் தடுக்க இரும்புக் குழாயில் தடுப்பு வைத்திருந்தார்கள். நான் அதைப் பிடித்ததும் விரலில் எறும்பு கடித்ததுபோல் இருந்தது. "அக்கா, கம்பி சுருக்குங்குது" என்றேன். "உனக்கு எதத் தொட்டாலும் சுருக்குன்னுதான் இருக்கும். பேசாம பாட்டக் கேளு" என்றார். என் காலில் செருப்பு இருந்ததால் சுருக்கென்றதோடு போயிற்று; அவர் இன்னும் கம்பியைத் தொடவேயில்லை. நான் கையை எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பம்பை ஆரம்பித்தது. கித்தார்கள் எல்லாம் ஓய்ந்து, அது மட்டும் தனியாக. அக்கா ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பம்பை அடித்தால் அம்மன் வந்து நிற்பாள், அவள் முன்னால் செருப்புக் காலோடு நிற்கக் கூடாது. கோயிலோ தெருவோ, எங்கே அடித்தாலும் அதுதான் முறை. அக்கா குனிந்து செருப்பைக் கழற்றி, "புடி" என்று என் கையில் கொடுத்தார். நான் வேதக்காரி. எனக்கு அந்த வழக்கம் இல்லை, அதனால் என் செருப்பு என் காலிலேயே இருந்தது. சுற்றிலும் பல பேர் கழற்றிக் கையில் எடுப்பதைப் பார்த்தேன். அக்கா வெறுங்காலைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு, முன்னால் சாய்ந்து, வலது கையால் அந்தக் குழாயைப் பிடித்தார்.

பிடித்த கை பிடித்தபடி நின்றது. தலை பின்னால் போனது. பம்பை வேகமெடுக்க எடுக்க அக்காவின் உடம்பும் அதே வேகத்தில் ஆடியது. "அம்மா வந்துட்டா! தாயே!" என்று ஒரு பெண் குலவையிட்டாள். கூட்டம் ஒதுங்கி இடம் விட்டது. கும்பிட்டார்கள், போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள், எங்கிருந்தோ வேப்பிலை வந்தது. மேடையில் இருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு இன்னும் உக்கிரமாக அடித்தார்கள். வீராம்பட்டினத் திருவிழாவில் அக்காவுக்கு அருள் வந்து நான் பார்த்திருக்கிறேன். முதல் காரியமாகக் கொண்டையை அவிழ்த்துவிடுவார். பெரிதாக ஒரு குரல் எழுப்புவார். இன்றைக்குக் கொண்டை அப்படியே இருந்தது. வாயிலிருந்து ஒரு சத்தம் இல்லை. பல் கிட்டியிருந்தது. அந்தக் கண் மெஷினில் மாட்டின பெண்ணின் கண்.

"கரண்டு" என்று சொன்னேன். பக்கத்தில் நின்றவளுக்குக்கூட அது கேட்கவில்லை. மறுபடி கத்தப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. என் கையில் அக்காவின் செருப்பு இருந்தது. சாமி வந்ததாக நூறு பேர் கும்பிட்டு நிற்கிற ஒருத்தியை, சுற்றி வேப்பிலை ஆடுகிற நேரத்தில், செருப்பை ஓங்கி மணிக்கட்டில் அடித்தேன். கை விடவில்லை. இன்னும் பலமாக அடித்தேன். அக்கா சேற்றில் சாய்ந்தார்.

பம்பை நின்றது. "அம்மன் மேல செருப்பா?" என்று ஒரு குரல். "கழுத்துல சிலுவ போட்டுக்கினு இருக்கா பாரு" என்று இன்னொன்று. தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள், ரவிக்கை கிழிந்தது, சேற்றில் விழுந்த என் முதுகில் யாரோ மிதித்தார்கள். விழுந்தும் செருப்பை நான் விடவில்லை. கம்பி, கம்பி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாராவது அப்போது அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்திருந்தால் போதும். அதற்குள் பின்னால் ஜெனரேட்டர் புகைந்து அணைந்தது. விளக்கெல்லாம் போய், மழை பலத்து, கூட்டம் கலைந்தது. மறுநாள் காலையில் ஒயர், குழாய் ஒன்றும் திடலில் இல்லை. சேறு மட்டும் இருந்தது.

ஆனால் போன்களில் நான் அடித்தது இருந்தது. அதற்கு முன்னால் ஆடினதும் இருந்தது, அதைப் பார்த்தவர்களுக்கு அது அருள். எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவர் என் வாசலைத் தாண்டிப் போக ஆரம்பித்தார். பூசையில் நான் உட்கார்ந்த பெஞ்சில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். பங்குச் சாமியார், "கொஞ்ச நாளைக்கு வெளிய அதிகம் போவாதீங்கம்மா" என்றார். போகாமல் இருப்பதா எனக்குக் கஷ்டம்? அக்கா எழுந்து நடமாடினதும் உண்மையைச் சொல்லிவிடுவார், எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவார் என்று காத்திருந்தேன்.

ஒரு மதியம் வந்தார். மஞ்சள் புடவை, நெற்றி நிறையக் குங்குமம், அவிழ்த்துவிட்ட தலை. மகன் ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தான், என் வீட்டுப் படியேறவில்லை. அக்கா உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். குறுக்கே கரிக்கோடு மாதிரி ஒரு தழும்பு.

"எரியுதாக்கா?"

"ராத்திரில எரியுது." விரலை மடக்கித் தழும்பை மூடிக்கொண்டார். "அது கரண்டுதான்டி. எனக்குத் தெரியாதா? நாக்கு ஒட்டிக்கிச்சு. இவளுக்காவது தெரியாதான்னு உன்னதான் நெனச்சேன். நீ அடிச்ச."

"அப்ப வெளிய சொல்லுங்கக்கா. என்ன ஒரு மாதிரி பாக்கறாங்க."

அக்கா வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். தாழ்ந்த குரலில் அவர் பேசி அன்றுதான் கேட்டேன். "மருமவ இப்ப மொதல்ல எனக்குத்தான் எல போடறா. உள் ரூம்புல மவன் கட்டில் போட்டுக் குடுத்துருக்கான். செவ்வாக்கெழம ஆனா துன்னூறு வாங்க ஊரே வந்து நிக்குது. கரண்டுன்னு சொன்னா மறுபடியும் வலக் கொட்டாயிதான்டி."

"சரிக்கா" என்றேன். பையை எடுத்து நீட்டி, "செருப்ப எடுத்துக்கினு போங்க" என்றேன். அதை ஏக்கமாகப் பார்த்தார். "அம்மன் வந்தவ செருப்புப் போடக் கூடாதாம். இனிமே எனக்கு வெறுங்கால்தான். நீயே வெச்சிக்க" என்று என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கம்பெனியில் எத்தனையோ நாள் எனக்காக நின்ற மனுஷி. கடைசிக் காலத்தில் ஒரு கட்டில் கிடைத்தது, அதை எப்படிப் பிடுங்குவது?

இந்த வருஷமும் அந்தக் குழு வந்திருக்கிறது. அதே திடல். போன வருஷம் அம்மனே இறங்கின கச்சேரி என்று பேர் வந்துவிட்டதால் கூட்டம் இரண்டு மடங்கு இருக்கும் என்கிறார்கள். முன் வரிசையில், தடுப்புக்குப் பக்கத்தில், சூப்பர்வைசர் அக்காவுக்கு மாலை போட்டு நிற்கவைக்கப் போகிறார்களாம். விடியற்காலையிலிருந்து தூறல் விடவில்லை. காலையில் குடை பிடித்துக்கொண்டு அங்கே போனேன். இரும்புக் குழாய்களை நட்டுக்கொண்டிருந்தார்கள். சேற்றில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவரிடம், "தம்பி, போன வருசம் இந்தக் கம்பியில கரண்டு இருந்துது" என்றேன். அவர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "நீங்கதான செருப்பால அடிச்சவங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒயரைச் சேற்றுக்குள் மிதித்துப் புதைத்தார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இவ்வளவும் எழுதினேன். இப்போது ஆற்றுப் பக்கமிருந்து ஒலிபெருக்கியைச் சோதிக்கிற சத்தம் வருகிறது. ஆணியிலிருந்து பையை எடுத்துவிட்டேன். ஒரு ஜோடி என் காலில், ஒரு ஜோடி கையில். போன வருஷம் செருப்பு மட்டும் போதுமாயிருந்தது. இந்த முறை பம்பை தொடங்குவதற்கு முன்னால் கத்தவும் வேண்டும். எனக்கும் அக்காவுக்கும் சேர்த்து நான்தான் பேச வேண்டும். காலி வீட்டில் நின்று ஒரு தரம் கத்திப் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் மட்டும் திரும்பிப் பார்த்தது. இன்னும் பலமாகக் கத்த வேண்டும்.