பரிசு வேண்டாம், பஸ் நிற்கட்டும்

இன்று காரைக்குடியில் பள்ளி மாணவர்களுக்கான செய்தி எழுதும் போட்டி. எங்கள் பள்ளிப் பத்திரிகையின் நிருபர், பதினோராம் வகுப்பு வள்ளிக்கண்ணுவை நான்தான் அழைத்துப்போனேன்.

அவள் கொடுத்த செய்தி: காலை டவுன் பஸ் எங்கள் பள்ளி நிறுத்தத்தில் நிற்பதில்லை. பத்து நாள் அங்கேயே காத்திருந்து, பஸ் தாண்டிப்போன நேரத்தையெல்லாம் நோட்டில் குறித்திருக்கிறாள்.

நடுவர் எங்கள் இருவரையும் தனியே கூப்பிட்டார்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா இது செய்தி இல்ல, புகார். நம்ம ஊரு செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பத்தி எழுதச் சொல்லுங்க, அரை மணி நேரம் தாரேன். பாப்பாவுக்கு முதல் பரிசு, உங்களுக்குச் சிறந்த வழிகாட்டி ஆசிரியர் விருது."

இருபது வருட வேலையில் எனக்கு ஒரு விருதும் வந்ததில்லை. ஒரு நொடி சபலப்பட்டேன், மறைக்கவில்லை.

வள்ளிக்கண்ணு நோட்டைத் திறந்தாள்.

"சார், இன்னைக்கு நீங்க எதுல வந்தீக?"

"கார்ல. ஏம்மா?"

அதையும் நேரம் போட்டு எழுதிக்கொண்டாள்.

"பெரிய வீடுக நாளைக்கும் அங்குட்டுத்தான் சார் இருக்கும். எங்களுக்கு நாளைக்குப் பஸ்ஸு நிக்கணும். நான் மாத்த மாட்டேன்."

வெறுங்கையோடு திரும்பினோம். அந்தச் செய்தி இப்போது பஸ் நிறுத்தச் சுவரில் இருக்கிறது. பசை தடவி ஒட்டியது நான்தான்.

அந்தப் பஸ்ஸில் வருகிறவர்கள், நாளை நிற்கிறதா என்று நேரத்தோடு கமெண்டில் சொல்லுங்கள். இரண்டு சாட்சி இல்லாமல் எங்கள் நிருபர் எதையும் நம்பமாட்டாள். டீச்சர் சொன்னால்கூட.